வளவுக்கு ஒரு காவலன்

புத்தளம் என்றவுடன் வாசகர்களுக்கு உப்பும் தென்னையும் நினைவுக்கு வரலாம். கற்பிட்டிக்குச் சென்று வந்த எங்கள் குடும்பத்தாருக்கோ ஒரு வாத்துத்தான் நினைவுக்கு வருகிறது!

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிப் பாதை. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் கடல். இடையே நீண்டு கிடக்கும் மணற்பூமியில் தென்னந்தோப்புகளும் வெங்காயத் தோட்டங்களும் மாறி மாறி வருகின்றன. 2011 ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தரும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைக் கடந்து சென்றால், ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை கற்பிட்டியில் நம்மை வரவேற்கிறது. கோட்டைக்குக் காவல் உண்டென்பதை அறிந்திருந்தோம். எங்கள் நண்பரின் கிடுகு வேலிக்குள்ளும் காவல் உண்டென்பதை அறியாமற் போனோம்.

படலையைத் திறந்து நாலடி வைத்திருப்போம். கிணற்றடிப் பக்கமிருந்து பெரியதொரு வெள்ளைப் பறவை, கழுத்தைத் தரையோடு தாழ்த்தி நீட்டியவாறு, பாம்பெனச் சீறிக்கொண்டு வந்தது. இவ்வூர் வழக்கில் தாரா வேறு, வாத்து வேறு. தாராவைக் காட்டிலும் பருத்த உடலும் நெடிய கழுத்தும் உடையது வாத்து. எங்கள் எட்டு வயது மகன் அலறிக்கொண்டு ஓடினான். ஓடியதுதான் பிழை. துரத்திச் சென்ற பறவை அவன் கெண்டைக்காலைக் கவ்வித் திருகி, சிறகாலும் ஓர் அடி கொடுத்தது.

"ஓடாதே மகனே! நிமிர்ந்து நின்று அதைப் பார்!" என்று குரல் கொடுத்தபடி நண்பரின் தாயார் வந்தார். கையிலிருந்த சுளகைக் கேடயம் போல் முன்னே பிடித்துக்கொண்டு, பையனைத் தம் பின்னால் நிறுத்தி, முதுகு காட்டாமல் மெல்ல மெல்லப் பின்வாங்கினார். அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. எதிரி விலகியதைக் கண்ட வாத்தும் வெற்றி முழக்கமிட்டுத் திரும்பிச் சென்றது.

மாலையில் வந்த நண்பர், பையனின் காலில் கன்றியிருந்த தழும்பைக் கண்டு வெட்கிப் போனார். "போன கிழமை அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கடித்து விட்டது. நாளைக்கே இதைக் கறிக்குக் கொடுத்து விடுகிறேன்" என்றார்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ இரவில் கடலுக்குப் போனால் இந்த வளவில் யார் இருக்கிறார்கள்? நானும் உன் பெண்சாதியும் கைக்குழந்தையும்தானே! யார் வந்தாலும் முதலில் அறிவது அதுதான். அதை நம்பித்தான் நான் கண் மூடுகிறேன்" என்றார்.

அவர் சொன்னது புதுமையன்று. கி.மு. 390 அளவில் பகைவர் இரவில் ஏறி வந்தபோது, ரோமாபுரியின் வீரர்களை வாத்துக்களே கத்தி எழுப்பின என்பது பழங்கதை. ஸ்கொத்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் மதுக்கிடங்குகளை வாத்துக் கூட்டமொன்று 1959 முதல் 2012 வரை காவல் காத்தது வரலாறு.

பிறகு அந்த அம்மையார் எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று தூரத்தில் நின்றே காட்டினார். கவிழ்த்து வைத்த பழைய தோணியின் நிழலில் பெட்டை வாத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 30 நாட்கள் செல்லும். ஆண் வாத்து அடைகாப்பதில்லை. காவல் நிற்பதே அதன் கடமை. கோபக்காரன் என்று நாங்கள் ஏசியது, பிறக்கப்போகும் குஞ்சுகளின் தகப்பனை!

இன்னொன்றும் தெரிய வந்தது. அந்த வாத்தைத் தனிக் குஞ்சாக இருந்த நாளிலிருந்து மடியில் வைத்து வளர்த்தவர் நண்பரேயாம். பொரித்தவுடன் காணும் உருவத்தையே வாத்துக் குஞ்சு தாயெனப் பற்றிக்கொள்ளும் இயல்பை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் என்னும் அறிஞர், 1973 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதர் கையில் தனியே வளர்ந்த ஆண் வாத்துக்கு மனிதரிடம் அச்சம் இராது. வளர்ந்தபின் நம்மையும் தன் இனத்துப் போட்டியாளராகவே எண்ணி எதிர்க்கும். செல்லம் கொடுத்தவர் நாம். குற்றம் மட்டும் அதனுடையதா?

கிணற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை கூட்டை உரசிக்கொண்டு சென்றது. அடைகாக்கும் கூட்டை இடம் மாற்றினால் பெட்டை அதைக் கைவிட்டு விடவும் கூடும். ஆகவே, மறுநாட் காலையில் பாதையையே மாற்றினோம். கூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே நான்கு கிடுகுகளை நிறுத்திக் கட்டி, சுற்றிச் செல்ல வேறு வழி வகுத்தோம். அடுத்த வீட்டுக்காரர் வரும் பக்கத்து வேலியிலும் ஒரு மறைப்பு வைத்தோம். நண்பரும் எங்களோடு சேர்ந்து கயிறு முறுக்கினார். கறிப் பேச்சை எடுக்கவேயில்லை.

அன்று மாலை எங்கள் மகன் சுளகை ஏந்தி, நிமிர்ந்த நடையாகக் கிணற்றடிக்குச் சென்றான். வாத்து கழுத்தை நீட்டி ஒரு முறை சீறியது. அவன் நின்றான், அதுவும் நின்றது. பின்பு இருவரும் தத்தம் வழியே சென்றனர்.

அன்றிரவு நண்பர் கடலுக்குப் போயிருந்தார். விடியற்காலம் படலைப் பக்கம் வாத்தின் குரல் எழவே, நாங்கள் திடுக்கிட்டு எழுந்தோம். உள்ளே படுத்திருந்த தாயார், "பயப்பட வேண்டாம். மகன் வருகிறான். அவனுக்கென்றால் அது இப்படித்தான் கூப்பிடும்" என்று சொல்லிவிட்டு, தேநீருக்கு அடுப்பு மூட்ட எழுந்தார்.