சிங்கரோடு ஒரு பஸ் பயணம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வெளியே வரும் பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, பர்மா தேக்குத் தூண், ரவிவர்மா படம் எல்லாம் அங்கேதான் வந்து குவிகின்றன. திருச்சியிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியை இவை எதற்கும் நிற்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பழைய சிங்கர் தையல் மெஷின். அதுவும் தைக்கிற மெஷின்.

அப்படிக் கேட்டு வருகிறவர்கள் அங்கே குறைவு. பெரும்பாலானோர் கண் வைப்பது அடியிலிருக்கும் வார்ப்பிரும்பு ஸ்டாண்டின் மேல். கண்ணாடிப் பலகை ஒன்றைப் போட்டால் காபி மேசை தயார். கழற்றிய தலை ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரமாக உட்கார்ந்துவிடும். கடைக்காரரும் அந்த நினைப்பில்தான் கேட்டார்: “ஷோவுக்காம்மா, தைக்கவா?”

தைக்கத்தான் என்றதும் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு மெஷின்கள். ஒன்று 28 ரகக் கைமெஷின். பொன் வேலைப்பாடு மங்காமல், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அந்த ரகத்தில் பாபின் போகிற தோட்டா வடிவ ஷட்டில் காணாமல் போயிருந்தது. மற்றது 15 ரகம். தூசியும் பிசுக்குமாக, சக்கரத்தைத் தொட்டால் அசையவே இல்லை. ஆசிரியை அதைத்தான் எடுத்தார். நம் ஊர் தையல் கடைகளில் ஓடும் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை இந்த 15-இன் அச்சில் வார்த்தவை. ஊசியும் பாபினும் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும். இறுகிப்போனதை இளக்கலாம், காணாமல் போனதற்கு எங்கே போவது?

தளத்தின் ஓரத்தில் அழுக்கைத் துடைத்ததும் எண் தெரிந்தது. முன்னால் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்து. 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவற்றுக்கு இட்ட எழுத்து அது. 1885-இல் திறந்த அந்த ஆலை 1913-இல் மட்டும் 13 லட்சம் மெஷின்களுக்கு மேல் அனுப்பியது. 1980-இல் மூடிவிட்டார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் ‘சிங்கர்’ என்றுதான் பெயர்.

ஸ்டாண்டை லாரியில் திருச்சிக்குப் போட்டுவிட்டு, தலையைச் சாக்கில் சுற்றி மதுரை பஸ் ஏறினார். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். நடத்துனர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, “உள்ள என்னம்மா, அம்மிக்கல்லா?” என்றார். திருப்பத்தூர், மேலூர் தாண்டி மதுரை வரும்வரை அது ஆசிரியையின் காலடியில் கிடந்தது.

ஏன் மதுரை? மீனாட்சி கோயிலின் கிழக்கே திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகத் தையற்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிடும் பக்தர்களின் உடுப்புகள் அங்கே தைத்தவை. சில ஆண்டுகளுக்கு முன் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. இத்தனை மெஷின் இருக்கிற ஊரில் மெக்கானிக்குக் குறைவிருக்காது என்பது ஆசிரியையின் கணக்கு.

பக்கத்துச் சந்தில் கிடைத்த மெக்கானிக் பாய் ஊசித்தட்டைக் கழற்றினார். பற்களுக்கு அடியில் பஞ்சு கம்பளிபோல் அழுந்திக் கிடந்தது. விரலால் தடவி முகர்ந்தார். “தேங்கா எண்ணெய் விட்டிருக்காங்க டீச்சர். துரு இல்ல, பிசினுதான்.”

எண்ணெய்த் துளைகளில் எல்லாம் மண்ணெண்ணெய் சொட்டவிட்டு அப்படியே ஊற வைத்தார். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக நூலளவு நூலளவாக அசைத்தார். முரட்டுத்தனமாகத் திருகவே இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் இறுகச் சுற்றியிருந்த பழைய நூலைக் கத்தியால் அறுத்தெடுத்ததும் அச்சு விடுபட்டது. மண்ணெண்ணெய் பிசினோடு உயவையும் கழுவிவிடும் என்பதால், கறுப்பாக வடிந்தது நின்றபின் துடைத்து, எல்லா மூட்டுக்கும் மெஷின் ஆயில் விட்டார்.

பொன் எழுத்துகளைப் பளபளப்பாக்க ஆசிரியை ஸ்பிரிட்டை எடுக்கப் போக, பாய் கையைக் காட்டித் தடுத்தார். மேலே பூசியிருப்பது அரக்கு வார்னிஷ்; ஸ்பிரிட் பட்டால் கரைந்து எழுத்தையும் கொண்டுபோய்விடும். மெஷின் ஆயிலில் நனைத்த பழைய பருத்தித் துணி போதும். பாபின் சுற்றியின் ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. அதை மட்டும் மாற்றினார்.

ரிப்பேர் வேலை இந்த மெஷினுக்குப் புதிதல்ல. 1850-இல் பாஸ்டனில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில், அடிக்கடி பழுதான வேறொரு தையல் மெஷினைப் பார்த்துத்தான் ஐசக் சிங்கர் தன் மெஷினை வடித்தார். மறு வருடம் காப்புரிமை. 1924-இல் ஜி. ராமச்சந்திரன் இயந்திரங்களைப் பற்றிக் கேட்டபோது இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தி சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பொறுக்காமல் சிங்கர் செய்தது என்று அவர் நம்பியிருந்தார். கேள்வி கேட்டவர் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

வேறொரு ஸ்டாண்டில் தலையை மாட்டிச் சோதித்தார்கள். முதல் தையலில் துணியின் அடிப்பக்கம் நூல் சிக்குச் சிக்காக நின்றது. ஆசிரியை பாபினைச் சந்தேகித்தார். “கீழ சிக்குனா மேலதான் பாக்கணும் டீச்சர்.” மேல்நூலின் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே துணுக்குப் பஞ்சு. அதை எடுத்ததும் தையல் இருபக்கமும் ஒரே மாதிரி விழுந்தது. கள்ளழகர் உடுப்புக்கு வைத்திருந்த வெல்வெட்டை நாலாக மடித்துக் கொடுத்தார் பாய், அதையும் தைத்தது.

திருச்சி திரும்பிய பிறகு காரைக்குடிக் கடைக்காரரை ஆசிரியை போனில் கூப்பிட்டார். அந்த 28 இன்னும் விற்கவில்லையாம். ஷட்டில் எங்காவது கிடைத்தால் சொல்கிறாராம். யாராவது ஹோட்டல் அலங்காரத்துக்கு வந்து கேட்டால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுக்கும்படி ஆசிரியை கேட்டுக்கொண்டார்.