இஞ்ச் டேப்புடன் மிலான் நகருக்கு!

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோமாபுரியைப் பார்ப்பார்கள். வெனிஸில் படகில் போவார்கள். பைசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஏப்ரல் மாதத்தில் மிலான் நகருக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் நாற்காலி பார்க்கப் போகிறார்கள். மூக்கில் விரலை வைக்காதீர்கள், நாற்காலியேதான்! நாற்காலி, மேஜை, கட்டில், ஸோபா, அலமாரி, சமையல் மேடை, குளியல் தொட்டி என்று வீட்டுக்குள் வைக்கக் கூடிய சகலமும் அங்கே ஆறு நாள் திருவிழாவாக நடக்கிறது. 'ஸலோனே தெல் மொபிலே' என்று பெயர். மரச்சாமான் கண்காட்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இத்தாலிய மரச்சாமான்களை வெளிநாட்டாருக்கு விற்பதற்காக 1961-ல் ஆரம்பித்தது. மிலானுக்கு வடக்கே பிரியான்ஸா என்ற வட்டாரத்தில் கான்தூ, மேதா, லிஸோனே என்று ஊர் ஊராகத் தச்சு வேலைதான். அப்பா, பிள்ளை, பேரன் என்று இழைப்புளி பிடித்த குடும்பங்கள். அவர்கள் பட்டறைகள் இன்று பெரிய கம்பெனிகளாகி இருக்கின்றன. 2020-ல் கொரோனாவால் கண்காட்சி நின்று போயிற்று. நான் பார்த்தது 2024 ஏப்ரல் 16 முதல் 21 வரை நடந்த 62-வது கண்காட்சி. அந்த ஆறு நாளில் வந்தவர்கள் மூன்று லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல்!

எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? என் நாத்தனார் மிலானில் குடித்தனம் செய்கிறாள். ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்ட ஏற்பாடு ஆகியிருந்தது. மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. எனக்கு நாலைந்து வருஷமாகத் தோள்பட்டை வலி. "மேடையை முப்பத்தாறு அங்குலத்துக்குத் தூக்கிடலாம்மா. இப்ப எல்லாரும் ஃபாரின் மாதிரி அப்படித்தான் கேக்கறாங்க" என்று ஆசாரி சொல்லிவிட்டு, என் பதிலுக்காக வேலையை நிறுத்தி வைத்திருந்தார். அந்த 'ஃபாரின்' எப்படித்தான் இருக்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாமே! கைப்பையில் தையல் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டேன்.

கண்காட்சி நடப்பது ஊருக்கு வெளியே, ரோ ஃபியேரா என்ற இடத்தில். மெட்ரோ ரயிலில் சிவப்பு லைன் கடைசி ஸ்டேஷன். நகரத்துக்குள் செல்லுபடியாகிற சாதாரண டிக்கெட் அதற்குப் போதாது. நாலாவது மண்டலம் வரை செல்லும் டிக்கெட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். வெளியே வந்தால், அடேயப்பா! ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக ஒரு நடைபாதை. அதன் மேலே கண்ணாடியாலேயே ஒரு கூரை, காற்றில் பறக்கிற புடவைத் தலைப்பை அப்படியே உறைய வைத்தாற்போல அலை அலையாகப் போகிறது. ஃபுக்ஸாஸ் என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் செய்தது. இரண்டு பக்கமும் மண்டபங்கள், ஒவ்வொன்றும் நம் ரயில்வே ஸ்டேஷன் அளவு. முதல் நாலு நாளும் வியாபாரிகளுக்கு. சனியும் ஞாயிறும்தான் நம்மைப் போன்ற பொது ஜனங்களுக்கு. நாங்கள் போனது சனிக்கிழமை.

நுழைந்ததுமே ஓர் இடத்தில் நீண்ட க்யூ. சினிமா டைரக்டர் டேவிட் லின்ச் அமைத்த 'யோசிக்கும் அறை'யாம். உள்ளே போய் உட்கார்ந்து யோசிக்கலாமாம். "யோசிக்கறதுக்குன்னு தனியா ரூமா அண்ணி? நம்ம வீட்ல அதுக்கு பாத்ரூம்தான்" என்றாள் நாத்தனார். க்யூவில் நிற்காமல் ஸோபா மண்டபத்துக்குப் போய்விட்டோம்.

வெள்ளை, சாம்பல் என்று ஆஸ்பத்திரி மாதிரி இருந்த வீட்டு நிறங்களுக்கு அங்கே மவுசு குறைந்திருந்தது. காப்பிப்பொடி நிறம், நாவல்பழ நிறம், காய்ந்த மண் நிறம், ஆலிவ் பச்சை. ஸோபாக்களில் கூர்மையான முனையே இல்லை. எல்லாம் கூழாங்கல் போல உருண்டை. தத்தித் தத்தி நடக்கிற குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் துணி 'பூக்லே' என்று, ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி சுருள் சுருளாக இருக்கிறது. தடவிப் பார்த்தால் சுகம்தான். ஆனால் அந்தச் சுருளுக்குள் பால்சாதம் விழுந்தால் யார் சுரண்டுவது? இதற்கு நாத்தனார் ஓர் இத்தாலிய வார்த்தை கற்றுக்கொடுத்தாள்: 'ஸ்ஃபொதெராபிலே'. உறையைக் கழற்றித் துவைக்கலாம் என்று அர்த்தம். அங்கே எந்த ஸோபாவைப் பார்த்தாலும் பெண்கள் முதலில் கேட்பது இதைத்தானாம். ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். நாமும் கடையில் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி.

உட்கார்ந்து பார்த்தேன். இறங்கிக்கொண்டே போகிறது! டேப்பை வைத்தால் தரையிலிருந்து பதினைந்தரை அங்குலம். சின்ன வயசுக்காரர்கள் சாய்ந்து கிடக்க அழகு. முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பதினேழு, பதினெட்டு அங்குலமும் கையூன்றி எழக் கெட்டியான கைப்பிடியும் உள்ள இருக்கை ஒன்றாவது இருக்கட்டும். அங்கே இருந்த விற்பனைப் பெண், நான் அளப்பதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தானே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் நாத்தனார் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்புறம்தான் நான் எதற்காக வந்தேனோ அந்தச் சமையலறை மண்டபங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரட்டைப்படை வருஷங்களில் மட்டும் 'யூரோகுச்சினா' என்று சமையலறைகளுக்குத் தனிப் பகுதி உண்டு.

உள்ளே போனால் சமையலறையையே காணோம்! அதுதான் இப்போதைய நாகரிகம். மரச்சுவர் மாதிரி நிற்கிறது. கதவைத் திறந்தால் அது பக்கவாட்டில் ஒரு பொந்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. உள்ளே தொட்டி, அடுப்பு, பாத்திர அலமாரி எல்லாம். வேலை முடிந்ததும் கதவை இழுத்து மூடினால் ஹால்தான். இன்னொன்று, அடுப்பே கண்ணுக்குத் தெரியாத மேடை. கல் மாதிரி இருக்கும் பலகைக்கு அடியில் இண்டக்ஷன் அடுப்பு ஒளிந்திருக்கிறது. குறிப்பிட்ட இடத்தில் பாத்திரத்தை வைத்தால் தண்ணீர் கொதிக்கிறது. பார்க்க மாயாஜாலம்தான். ஆனால் அடி தட்டையான, காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக இருக்க வேண்டும். நம் பித்தளைப் பானை, அலுமினியக் குண்டான், மண்சட்டி எதுவும் அதில் சூடேறாது.

புகை போக்கியும் தலைக்கு மேலே இல்லை. அடுப்பின் நடுவிலேயே ஒரு துவாரம் வைத்து, ஆவியைக் கீழே உறிஞ்சுகிறது. தோசைக்கல், வாணலி மாதிரி உயரமில்லாத பாத்திரத்துக்குச் சரி. இட்லிப் பானை மாதிரி உயரமாக வைத்தால் ஆவி அதன் கைக்கு எட்டாமல் மேலே போய்விடும். கடுகும் மிளகாயும் தாளிக்கிற வீட்டுக்கு மேலே இருக்கிற புகை போக்கிதான் என்பது என் கட்சி.

இனி என் முப்பத்தாறு அங்குலத்துக்கு வருகிறேன். ஒன்பது பத்து மேடைகளை அளந்தேன். எல்லாம் ஏறக்குறைய 90 செண்டிமீட்டர். நம் கணக்கில் முப்பத்தைந்தரை அங்குலம். ஆசாரி சொன்னது சரிதான்! ஆனால் அங்கே சமைத்துக் காட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைவிட அரை அடிக்கு மேல் உயரம். நிமிர்ந்து நின்று, தோளைத் தொங்கவிட்டு, சுகமாக மாவு பிசைந்தாள். அதே மேடையில் நான் நின்று கையை வைத்துப் பார்த்தேன். தோள் தானாக மேலே ஏறிக்கொண்டது. தினம் இருபது சப்பாத்தி இட்டால் என் தோள்பட்டை என்னாவது!

நீங்களே அளந்து பார்க்கலாம். செருப்பில்லாமல் நேராக நின்று கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கழித்தால் உங்கள் மேடையின் உயரம். நான் ஐந்தடி ஓர் அங்குலம். என் முழங்கை முப்பத்தெட்டரை. ஆக எனக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நாலுதான் சரி.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அவர்கள் அடுப்பு மேடையோடு மேடையாகப் பதிந்திருக்கிறது. நாம் மேடை மேல் காஸ் அடுப்பைத் தூக்கி வைக்கிறோம். அதுவே நாலைந்து அங்குலம். முப்பத்தாறு அங்குல மேடையில் அடுப்பை வைத்தால் பர்னர் நாற்பத்தொன்றில் நிற்கும், என் முழங்கைக்கும் மேலே! அதற்கும் மேலே வாணலி, அதற்குள் கரண்டி. கையைத் தூக்கிக்கொண்டே கிளற வேண்டும். எண்ணெய் தெறித்தால் முகத்துக்கு நேராக வரும். அடுப்பு வைக்கிற இடத்தை மட்டும் நாலு அங்குலம் இறக்கிக் கட்டினால் போதும்.

கீழ் அலமாரிகளில் ஒரு நல்ல யுக்தி கண்டேன். அவை தரையில் உட்காருவதில்லை. திருகினால் ஏறி இறங்கும் கால்களில் நிற்கின்றன. முன்னால் ஒரு பட்டைப் பலகை அவற்றை மறைக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் பெருக்கித் துடைக்கலாம், தண்ணீர் கொட்டினாலும் பலகை ஊறாது. கரப்பான் குடியேற இடமில்லை!

கண்ணாடி போன்ற அந்தத் தீவு மேடைகளைச் சுற்றி ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு ஸ்டூல்கள் போட்டிருந்தார்கள். விருந்தாளி ஏறி உட்கார்ந்து ஒயின் குடிக்கத்தான் அவை. வேலை செய்கிறவள் உட்கார இடமே இல்லை. இத்தனைக்கும் இன்றைய மாடர்ன் சமையலறைகளுக்கெல்லாம் பாட்டியை ஒரு பெண்தான் வரைந்தாள். மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், 1926-ல், ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக. ரயிலில் சாப்பாட்டு வண்டியின் சமையலறையைப் பார்த்து, எட்டு வைத்து நடப்பதைக்கூட எண்ணிக் கணக்கிட்டு அமைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு மேஜை, ஏற்றி இறக்கிக்கொள்ளச் சுழல் ஸ்டூல், குப்பைத் தோலைத் தள்ள மேஜையிலேயே ஒரு டிராயர்! சுமார் பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதை வரைந்தபோது தனக்குச் சமைக்கவே தெரியாது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சுழல் ஸ்டூலைக் காணோமே என்று ஆதங்கத்தோடு வந்தபோது, ஒரு மூலையில், அதிகம் பேர் நிற்காத ஒரு ஸ்டாலில், டிராயர் மாதிரி தெரிந்ததை இழுத்தால் ஒரு மேஜைப் பலகை நீண்டது. சாதாரண நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கீரை ஆயலாம், பீன்ஸ் நறுக்கலாம், குழந்தைக்கு சாதம் பிசையலாம். வேலை முடிந்தால் உள்ளே தள்ளிவிடலாம். அரிவாள்மணையோடு தரையில் உட்கார முடியாமல், நிற்கவும் முடியாமல், "எனக்கு ஒரு வேலையும் கொடுக்க மாட்டேங்கறே" என்று குறைப்பட்டுக்கொள்ளும் என் மாமியார் கண்முன் வந்தார். அங்கிருந்தே ஆசாரிக்கு போன். "வேலை மேடை முப்பத்து மூணு, அடுப்பு மேடை இருபத்தொம்பது. அதுக்குக் கீழே இருபத்தாறுல இழுக்கற பலகை ஒண்ணு, கனமான ஸ்லைடு போட்டு." எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஃபாரின்ல அப்படியா இருக்கு?" என்றார்.

பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது அலமாரியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கிற வாசனை வருகிறதே, அது பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியது. ஐரோப்பாவில் 2023-ல் போட்ட விதிப்படி, 2026 ஆகஸ்டிலிருந்து மரச்சாமான்கள் ஒரு கன மீட்டர் காற்றில் 0.062 மில்லிகிராமுக்கு மேல் அதை வெளிவிடக் கூடாது. நம் ஊர்ப் பலகையிலும் ஈ-1, ஈ-0 என்று குறித்து விற்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். அறுத்த ஓரங்களைப் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். தொட்டில் அறைக்குள் கொண்டுபோகும் முன் சில வாரங்கள் கதவைத் திறந்துபோட்டுக் காற்றாட விடுங்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு ஆங்கிள் வைத்து முடுக்கிவிடுங்கள். குழந்தைகளுக்கு டிராயர்கள் என்றால் ஏணிப்படிதான்.

முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கென்று 'ஸலோனே ஸாடெலிதே' என ஒரு பகுதி. வெனிசுவேலாவில் பிறந்த மார்வா கிரிஃபின் என்ற அம்மையார் 1998-ல் தொடங்கியது. இன்னொரு பெண்ணின் கைவண்ணத்தை மறுநாள் மிலான் கடை ஜன்னலில் பார்த்தேன். ஆன்னா காஸ்தெல்லி ஃபெரியேரி 1967-ல் வடிவமைத்த வட்டப் பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு டிபன் காரியர் மாதிரி! முனை கிடையாது, கதவு பக்கவாட்டில் நழுவும். அரை நூற்றாண்டு தாண்டியும் இன்னும் விற்கிறது. விலையைக் கேட்டுவிட்டு ஜன்னலோடு ரசித்துத் திரும்பினோம்.

நீங்கள் போவதாக இருந்தால் சமையலறைக்கு இரட்டைப்படை வருஷம், விளக்குகளுக்கு ஒற்றைப்படை வருஷம். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். ஒரு நாளில் எல்லா மண்டபங்களையும் பார்க்க முடியாது, ஆசைப்படவும் வேண்டாம். காலில் பழகின செருப்பாக இருக்கட்டும். ஹைஹீல்ஸில் டக்டக்கென்று வந்த இத்தாலியப் பெண்களே, மூன்று மணிக்கு மேல் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.