தெளுவும் ராட்லரும்

தாகம் தீர்க்கும் பானங்கள் ஒரு பக்கம், மயக்கம் தரும் பானங்கள் மறுபக்கம் என்று நடுவே ஒரே ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு இப்பால் நிற்பவன் உத்தமன், அப்பால் போனவன் கெட்டவன் என்று மனிதரை இரண்டே வகையாகப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, ஜெர்மானியர்கள் பீரில் சரிபாதி எலுமிச்சைப் பானத்தைக் கலந்து, பட்டப்பகலில், குடும்பத்தோடு உட்கார்ந்து நிதானமாக அருந்துகிறார்கள் என்ற செய்தி எளிதில் நம்பத் தக்கதாகத் தோன்றாது. நூற்பாலை யந்திரங்களைப் பார்வையிடவும் பம்புசெட்டுகளுக்குச் சந்தை தேடவும் அந்நாட்டுக்குப் போய்வரும் கோவை நண்பர்கள் இதை வர்ணிக்கக் கேட்கும்போதெல்லாம், என் மனம் காங்கேயத்துப் பனங்காடுகளுக்கே திரும்பி வந்துவிடுகிறது.

ராட்லர் என்பது அந்தக் கலவையின் பெயர். 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மியூனிக் நகருக்குத் தெற்கே விடுதி நடத்திவந்த பிரான்ஸ் சேவர் கூக்ளர் என்பவரிடம் 13,000 சைக்கிள்காரர்கள் வந்து குவிந்தார்கள் என்றும், கையிருப்புப் பீர் போதாதே என்று அஞ்சிய அவர், விலைபோகாமல் கிடந்த எலுமிச்சைப் பானத்தை அதில் சரிபாதியாகக் கலந்து, வீடு திரும்பும் வழியில் எவரும் சைக்கிளிலிருந்து விழாதிருக்கவே இவ்வாறு செய்ததாகச் சொல்லிக் கொடுத்தார் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. ஆயினும், 1912-லேயே வெளிவந்த லேனா கிறிஸ்ட் என்னும் பவேரிய எழுத்தாளரின் சுயசரிதையில் அந்தப் பானம் பேசப்படுவதால், உழைத்துக் களைத்த பலருடைய தாகம்தான் அதைத் தோற்றுவித்திருக்க வேண்டும் என்று கொள்வதே பொருந்தும். ஹாம்பர்க்கில் அதே கலவை ஆல்ஸ்டர் நீர் என வழங்குகிறது. பெர்லினில் புளிப்பேறிய பீரில் சிவப்பும் பச்சையுமான பழ, மூலிகைப் பாகுகளைச் சேர்க்கிறார்கள். கோலாவைக் கலந்து அதற்கு டீசல் என்று பெயரிட்டவர்களும் உண்டு.

வாற்கோதுமை, ஹாப்ஸ் பூ, நீர் இவையன்றி வேறெதுவும் பீரில் சேரக் கூடாதென்று 1516-லேயே சட்டம் செய்த பவேரியாவில் இந்தச் சம்பிரதாயம் வளர்ந்தது என்பதே என் சிந்தையை மிகவும் கவர்கிறது. காய்ச்சுபவனுக்குத் தூய்மையை விதித்த அச்சமூகம், குடிப்பவனுக்கு மிதத்தை அனுமதித்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயச் சத்துள்ள பீர், பாதிக்குப் பாதி கலந்ததும் இரண்டரைப் பங்காகிவிடுகிறது. நண்பர்களோடு மாலை முழுதும் அமர்ந்திருக்க விரும்புகிறவன், அறிவை அடகு வைக்காமலே அமர்ந்திருக்கலாம். அங்கும் குடிகாரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குறைவாகக் குடிக்க விரும்புகிறவனுக்கு அங்கே ஒரு பாத்திரமும், ஒரு பெயரும், ஒரு கௌரவமும் உண்டு.

நம்மிடம் அத்தகைய விவேகம் இருந்ததில்லையா? அந்தியில் மரமேறிப் பாளையைச் சீவி, முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டிவிட்டு இறங்கினால், இரவெல்லாம் சொட்டிய நீர் விடியற்காலையில் புளிக்காமல், தித்திப்பாக, தேனீக்கள் மிதக்கக் கீழே வரும். வடிகட்டி, மடித்துக் கட்டிய பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தால் அதுதான் கொங்குநாட்டார் போற்றும் தெளுவு, காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பைத் தடவாமல் விட்டால் அதே நீர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடுகிறது. எலுமிச்சைப் பானத்தைக் கொண்டு ஜெர்மானியர் கோப்பையில் செய்ததை, ஒரு விரல் சுண்ணாம்பைக் கொண்டு நம் முன்னோர் மரத்தின் உச்சியிலேயே செய்தார்கள்.

மதுவை எதிர்த்த தர்மாவேசத்தை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். 1921-இல் ஈரோட்டில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கியதும், பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்ததும், 1937 அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியதும் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைக் கண்டு பிறந்த செயல்கள். ஆனால் பின்னால் நேர்ந்தது என்ன? 1987-இல் கள் தடை செய்யப்பட்டது, 2003-இல் அரசாங்கமே டாஸ்மாக் மூலம் சில்லறை மது வியாபாரத்தை ஏற்றுக்கொண்டது, நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்துள்ள பிராந்தி எந்த ஊரிலும் கிடைக்கும் பொருளாயிற்று. வாளையாறு தாண்டிக் கேரளத்துச் சித்தூருக்குப் போனால் கள்ளிறக்குவது சட்டப்படியான தொழில். இப்பால் அது குற்றம். இடையிலிருந்த படிகளை எல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு, அடித்தளத்தையும் உச்சியையும் மட்டும் மிச்சம் வைத்த வீட்டில், ஏறுகிறவன் விழாமல் எப்படி ஏறுவான்? பீரிலும் கடுமையான வகையே இங்கு மிகுதியாக விலைபோகிறது. 2018-இல் கிங்ஃபிஷர் பீர் தயாரிக்கும் நிறுவனம் ராட்லர் என்ற பெயரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, அதில் மது அறவே இல்லை.

இதைச் சொல்வதால் எவரையும் குடிக்கத் தூண்டுவது என் நோக்கமன்று. மிதம் என்னும் குணம் உபதேசத்தாலும் தண்டனையாலும் மட்டும் வருவதில்லை. மிதமான பொருள் கைக்கெட்டும் தூரத்தில், மரியாதையான இடத்தில், நியாயமான விலையில் கிடைக்கும்போதுதான் அது பழக்கமாகி, பழக்கம் நாளடைவில் சுபாவமாகிறது என்பதே என் அபிப்பிராயம். தென்னையிலிருந்து, குளிர்ச்சியில் காத்துப் புளிக்கவிடாமல் எடுக்கும் நீராவுக்கு அரசாங்கம் 2017-இல் அனுமதி அளித்தது. பொள்ளாச்சி விவசாயிகளும் ஆர்வத்தோடு முன்வந்தார்கள். அந்த முயற்சி வேரூன்ற வேண்டுமானால், பருவகாலத்தில் தெளுவும், வருஷம் முழுவதும் நீராவும், காந்திபுரம் பஸ் நிலையத்தில் இறங்குகிற களைத்த மனிதனுக்குப் பிராந்தியைவிட அருகில் கிடைக்கும்படி செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய மரங்களும் மரமேறத் தெரிந்த கைகளும் இன்னும் நம்மிடம் இருக்கின்றன.