வெயில் நாளில் ஓடும் வடிகால்

மழைநீர் வடிகால் மழை பெய்யும்போது மட்டும் ஓட வேண்டியது. மழை விட்டுப் பல நாளாகியும், தெரு காய்ந்து புழுதி பறக்கும் வேளையிலும் அதில் நீர் ஓடினால், அது வேறெங்கிருந்தோ வந்த நீர். குடிநீர்க் குழாயின் கசிவாகவோ நிலத்தடி ஊற்றாகவோ இருக்கலாம். நகரத்தில் பெரும்பாலும் கழிவுநீர்தான். நகரத்து நீரோடைகளின் தரத்தைக் கண்காணிக்கும் வேலை இதிலிருந்து தொடங்குகிறது. கோடையில் வடிகால் மூடியைத் திறந்து ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. ஓடும் நீரில் சோப்புப் பொருளும் அம்மோனியாவும் மலக் கோலிஃபார்ம் கிருமிகளும் சேர்ந்தே இருந்தால், மேலே ஏதோ ஒரு கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் வடிகாலில் விடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் நீரைச் சோதிப்பது 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். ஒரே அழுக்கு நீர் மூன்று அலுவலகங்களின் எல்லையைக் கடந்து கடலுக்குப் போகிறது. அதைத் தடம் பிடிப்பது கடினமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சாம்பிள் எடுப்பது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அப்படியல்ல. அடையாற்றுப் பாலம் ஒன்றில் நான் பார்த்த ஊழியர், கயிற்றில் கட்டிய வாளியை ஓட்டத்தின் நடுவில் இறக்கினார். கரையோரம் தேங்கிய நீர் ஆற்றின் நிலையைச் சொல்லாது. ஆற்று நீரிலேயே வாளியை மூன்று முறை அலசிய பிறகுதான் சாம்பிளை மொண்டார். அதை 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் ஒரு குமிழிகூடத் தங்காதபடி நிரப்பினார். உள்ளே சிக்கும் காற்று, ஆற்றில் இல்லாத ஆக்சிஜனைக் கணக்கில் ஏற்றிவிடும்.

அடுத்து அங்கேயே மாங்கனீசு சல்பேட் கரைசலையும் கார அயோடைடு கரைசலையும் விட்டு, மூடியை அழுத்திப் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினார். ஹங்கேரிய வேதியியலர் லூட்விக் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறை இது. நீரில் ஆக்சிஜன் இருந்தால் படிவு பழுப்பாகும். “வெள்ளையாவே நின்னா ஆக்சிஜன் இல்ல சார்” என்றார். பாட்டிலுக்குள் சுண்ணாம்பைக் கரைத்தாற்போல் வெண்மை மெல்ல இறங்கிப் படிந்தது. முப்பது டிகிரி வெப்பத்தில் நல்ல நீர் லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைத் தாங்கும். குளிப்பதற்கு ஏற்ற நீரில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. அந்த வெண்மையைப் பார்த்தவர்களுக்கு எந்த அட்டவணையும் தேவைப்படாது.

மற்ற பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் ஆய்வகம் போகின்றன. கிருமிச் சோதனைக்கு உரியது தனியாகக் கிருமி நீக்கிய பாட்டில். பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சோதனைக்கு நீரை 27 டிகிரியில் மூன்று நாள் இருட்டில் வைக்கிறார்கள். மற்ற நாடுகளில் வழக்கம் 20 டிகிரியில் ஐந்து நாள். குளிக்கும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

கழிமுகத்தில் எண்களை நம்புவதற்கு முன் கடலைக் கேட்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் எடுத்த சாம்பிளில் கடல்நீர் கலந்து, ஆறு தேறிவிட்டதுபோல் காட்டும். வற்றத்தில் எடுத்ததே ஆற்றின் சொந்த நீர். மின்கடத்துதிறன் மானியை நீரில் விட்டால் எது எது என்று தெரிந்துவிடும். கடல்நீரில் அது சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். பாட்டிலின் லேபிளில் தேதியோடு நேரமும் எழுதாத சாம்பிளை ஏற்கவே கூடாது.

மிக அழுக்கான நாள் பெரும்பாலும் மழை தொடங்கும் நாள். மாதக்கணக்கில் சாலையில் சேர்ந்த எண்ணெய், டயர்த் துகள், குப்பை, வடிகாலின் அடியில் ஊறிய கறுப்புச் சேறு எல்லாம் முதல் மழையில் ஒரேயடியாக ஆற்றுக்கு வருகின்றன. சேறு கலங்கியதும் நீரில் மிச்சமிருந்த ஆக்சிஜனும் தீர்கிறது. அடையாற்று முகத்துவாரத்தில் மடவை மீன்கள் செத்து மிதப்பது இத்தகைய நாட்களில்தான். மாதம் ஒரு முறை, குறித்த தேதியில் மட்டும் சாம்பிள் எடுத்தால் இந்த நாள் தவறிப்போகும். முதல் மழையின் முதல் ஒரு மணி நேரத்தில் பாட்டிலோடு பாலத்தில் நிற்க ஆள் வேண்டும். அல்லது நீர்மட்டம் உயர்ந்ததும் தானே சாம்பிள் எடுக்கும் கருவி வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தைய முதல் சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. சித்திரை வெயிலில் உங்கள் தெரு வடிகாலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதில் நீர் ஓடினால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.