பதினெட்டா, இருபத்து நாலா?



கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-க்கு முந்தைய கதை இது. அப்போது எனக்கு ஓசூரில் வேலை. சின்னக் கனசதுரங்களை அடுக்கிய பெட்டி ஒன்றைக் கரும்பலகையில் வரைந்திருந்தேன். நீளம் 4, அகலம் 3, உயரம் 2. மொத்தம் எத்தனை கட்டை என்று கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு பையன் எழுந்து, “18 சார்” என்றான். மூன்றையும் பெருக்கினால் 24 என்று நேற்றுத்தானே சொன்னேன்! பெஞ்சு மேல் நிற்க வைத்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது உறுத்தியது. 18 எங்கிருந்து வந்தது? படத்தில் தெரியும் சதுரங்களை எண்ணியிருந்தால் 26 வரும். ஓரத்துக் கட்டை இரண்டு பக்கம் தெரிந்தாலும் கட்டை ஒன்றுதான் என்று புரிந்து எண்ணியிருக்கிறான். கண்ணுக்குத் தெரிபவை சரியாக 18. மறைந்திருக்கும் ஆறை நான் காட்டவே இல்லையே!

சிப்காட் கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்கும் ஒரு தச்சரிடம், மிச்சத் துண்டுகளில் ஓரங்குலக் கட்டை 24 அறுத்து வாங்கினேன். அவனையே அடுக்கச் சொன்னேன். வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, 12. அதன் மேல் இன்னொரு 12. பிறகு மேல் அடுக்கை எடுத்துவிட்டு அடியில் பார்த்தான். “இந்த ஆறும் ஒளிஞ்சிருந்துச்சு சார்!” நீளத்தை அகலத்தால் பெருக்குவது ஓர் அடுக்கை எண்ணுவதுதான் என்று வகுப்புக்கு அன்றுதான் புரிந்தது. எனக்கும்தான்.

பின்னாளில் டி.எம்.சி.யைக்கூட அந்தக் கட்டைகளை வைத்தே சொல்லிக் கொடுத்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரம் அடியாக ஒரு பெட்டி; அதற்குள் ஓரடிக் கனசதுரங்கள் நூறு கோடி. அதுதான் ஒரு டி.எம்.சி. காவிரிக்குச் சண்டை நடக்கும் எல்லையில் குடியிருந்துகொண்டு இது தெரியாமல் எப்படி?

அந்தப் பையனிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்தக் காலத்து வாத்தியார்!

இப்போது அவன் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறான். போன மாதம் போன் செய்தான். “சார், உள்ளளவு எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் இருக்கிற மரப்பெட்டி. 30 சென்டிமீட்டர் கனசதுர அட்டைப்பெட்டி எத்தனை வைக்கலாம்?”

பத்து லட்சத்தை 27,000-ஆல் வகுத்து, “37” என்றேன்.

“27தான் சார் போகும். ஒவ்வொரு பக்கமும் மூணு வெச்சா பத்து சென்டிமீட்டர் சும்மா நிக்கும். உங்க பதினெட்டு ஞாபகம் இருக்கா சார்?” என்று சிரித்தான். அன்று கேட்காத மன்னிப்பைப் போனிலேயே கேட்டேன். “விடுங்க சார்” என்றான்.

அவன் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. கட்டைகளை அவளுக்குக் கொடுக்கலாம் என்று டப்பாவைத் திறந்தால் 23தான் இருக்கிறது. உங்களில் யாரோ ஒருவரிடம் அந்த ஒன்று இருக்கிறது. திட்டமாட்டேன், கொண்டுவந்து கொடுங்கள்.