மேலே தூக்கிப் போடுகிற கை

மாலை ஏழரைக்கு லிஃப்ட் கதவுச் சத்தம் கேட்டதும் என் மகள் கையையும் காலையும் உதறத் தொடங்குவாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். அவர் பையைச் சோபாவில் போட்டுவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்து அவளை அள்ளி மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார். கொட்டிவாக்கத்து அந்த மூன்றாம் மாடி வீடே அதிரும்படி சிரிப்பாள். "அப்பா செல்லம்டி இது" என்பார் என் மாமியார். எதிர்வீட்டு அக்காவும் அதையே சொல்வார். நான் அடுக்களையில் அவளுடைய கிண்ணத்தை அன்றைக்கு ஐந்தாவது முறையாகக் கழுவிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சிரிப்பின் மேல் எனக்குப் பொறாமை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னிடம் அவள் அழுவாள், கக்குவாள், தோளில் எச்சில் வடித்துத் தூங்குவாள். சிரிப்பை மட்டும் சேர்த்துவைத்து அவரிடம் கொடுப்பாள்.

அவருக்கு விளையாட மட்டுமே தெரிந்திருந்தது என்பதில் அவர் குற்றம் எவ்வளவு என்று பின்னாளில் கணக்குப் பார்த்திருக்கிறேன். 2018-இல் கும்பகோணத்தில் அம்மா வீட்டில் பிரசவம். ஐந்து மாதம் அங்கேயே இருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலையில் வந்து இறங்குவார். மாப்பிள்ளை வருகிறார் என்று குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, திருஷ்டிப் பொட்டு வைத்துத் துணியில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். பத்து நிமிஷம். அவள் முகம் சுளித்தால் போதும், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். அழுகிற குழந்தையை அந்த ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட அவர் கையில் யாரும் விட்டுவைக்கவில்லை. அம்மா மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும்போது அவர் எட்டிப் பார்த்தால், "நீங்க போய் காபி குடிங்க மாப்பிள்ளை" என்று அனுப்பிவிடுவார்.

சட்டமும் அம்மா சொன்னதையேதான் சொல்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டப்படி எனக்கு 26 வாரம், அதாவது 182 நாள் சம்பளத்தோடு விடுப்பு. மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 1997 முதல் 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத்தில் இருக்கும் ஆணுக்குச் சட்டம் எதுவும் தரவில்லை. நிர்வாகம் பார்த்துக் கொடுத்தால்தான். அவருக்குக் கொடுத்தது மூன்று நாள். அதே 2017-இல் ராஜீவ் சாதவ் மக்களவையில் தந்தையருக்கான விடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. எனக்குக் கிடைத்த 182 நாளை நான் குறைசொல்லவில்லை, அதற்காகப் போராடியவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் 182-க்கும் மூன்றுக்கும் நடுவில்தான் குழந்தை யாருடைய வேலை என்பது எழுதப்பட்டிருக்கிறது.

நவம்பர் மழையில் எனக்கு டெங்கு வந்தது. ஆறு நாள் மருத்துவமனை. மாமியாருக்கு முழங்கால் மடங்காது, தரையில் உட்கார முடியாது. அவர் இருந்த விடுப்பையெல்லாம் திரட்டிப் போட்டுவிட்டு, போனை வாளியில் சாய்த்துவைத்துக் கும்பகோணத்துக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். "அத்தை, காலை எப்படி வச்சுக்கணும்?"

"முட்டி ரெண்டையும் சேத்து வைங்க மாப்பிள்ளை. நடுவுல இடம் விட்டா புள்ள வழுக்கிரும்."

ஐந்து மாதம் காபிக்கு அனுப்பிய அதே அம்மா.

வீட்டுக்குத் திரும்பிய அன்று, அவர் தோளில் முகத்தைப் புதைத்தபடி அவள் வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. மேலே தூக்கிப் போடச் சொல்லி உதறவும் இல்லை. சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாள், என்னிடம் இருப்பதைப் போலவே. கொஞ்ச நேரத்தில் சிணுங்கினாள். நான் பாலைக் கலக்க எழுந்தேன். "பசி இல்ல, இது தூக்கம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. நான் மட்டுமே வைத்திருந்த ஒன்றும் போய்விட்டது போலிருந்தது. அடுக்ககம் முழுக்க அந்த ஆறு நாளுக்காக அவரைப் புகழ்ந்தது தனி எரிச்சல். ஏழு மாதத்துக்கு எனக்கு யார் என்ன சொன்னார்கள்?

மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் ஆக்கா மக்களைப் பற்றி மானிடவியலாளர் பாரி ஹியூலெட் எழுதியதைப் பிறகு படித்தேன். அங்கே அப்பாக்கள் நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் கைக்குழந்தையைத் தூக்கிவைத்திருக்கிறார்கள், அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். தூக்கிப் போட்டுப் பிடிக்கும் முரட்டு விளையாட்டு அவர்களிடம் மிகக் குறைவு. கொஞ்ச நேரமே கிடைக்கிற அப்பாதான் குழந்தையிடம் தன்னைப் பதியவைக்க அப்படி விளையாட வேண்டியிருக்கிறது என்பது ஹியூலெட்டின் விளக்கம். எங்கள் வீட்டு ஏழரை மணி எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிலிப்பைன்ஸின் செபூ நகரில் 624 ஆண்களிடம் செய்த ஆய்வொன்று 2011-இல் வந்தது. அப்பாவான பின் அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் குறைவு. குழந்தை வளர்ப்பது பெண்ணின் உடம்பிலேயே இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் உடம்பைத் தொடுவதன் இன்பத்தை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் பேசுகிறார். (அந்த அதிகாரத்துக்குப் 'புதல்வரைப் பெறுதல்' என்று பெயர் கொடுத்தவர் பரிமேலழகர்.) புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்துப் பாண்டியன் அறிவுடை நம்பி சொக்கிப்போகிறான். அருமையான பாட்டு. பிறகு அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியது யார் என்று மட்டும் தெரியவில்லை.

தன் அப்பாவின் கையை அவருக்குக் கன்னத்தில் விழுந்த அறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. என் கதை வேறு. மகாமகக் குளத்தைச் சுற்றி என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். பன்னிரண்டு வயதில் நான் பெரியவளானேன். அன்றோடு அவர் கை நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று ஆசீர்வாதம் செய்தபோதும் அவர் கை என் தலைக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில்தான் நின்றது.

மகளுக்கு இப்போது ஏழு வயது. அவருக்கும் அவளுக்கும் கிச்சுகிச்சு விளையாட்டில் ஒரு விதி உண்டு. "போதும்" என்று அவள் சொன்னால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும், அவள் சிரித்துக்கொண்டு சொன்னாலும். விதியைப் போட்டவள் நான். முதலில் அவர் அதை விளையாட்டைக் கெடுப்பதாகத்தான் நினைத்தார். போன மாதம் ஒரு பெரிய மாமா சிரித்தபடி அவள் கன்னத்தைக் கிள்ளினார். "போதும்" என்றாள் சத்தமாக. கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அவர்தான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார்.

"பொம்பளப் பிள்ளை, இன்னும் எத்தனை நாளைக்கு அப்பா மேல ஏறிக்கிட்டு இருக்கும்?" என்று இப்போதே கேட்கிறார்கள். போன ஞாயிறு குப்பத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். ஃபைபர் படகுகளை மணலில் ஏற்றிவைத்திருந்தார்கள். அவள் அவர் தோளில் இருந்தாள்.

"இறங்குடி, முதுகு போகுது" என்றார்.

"அந்தப் பச்சைப் படகு வரைக்கும்ப்பா."

படகு தூரத்தில் இருந்தது. அவர் நடந்தார்.