எட்டாம் பிரிவும் என் பாட்டியின் கூலியும்

சமத்துவம் என்பது மேடையில் முழங்குவதற்கு எளிதான சொல். அச்சொல் ஓர் ஏழைத் தொழிலாளியின் கூலிக் கணக்கில் எவ்வாறு எழுதப்பட்டது என்று பார்த்தால்தான் அதன் உண்மை மதிப்பு விளங்கும்.

என் பாட்டி கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்று நின்று, பின்னர் வாளிகளைச் சுமந்தபடி காட்டுக்குள் நடந்தவர். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. ஆயினும் சட்டத்தைப் பற்றிய முதற்பாடத்தை நான் அவரிடமே கற்றேன். "மரத்தைச் சீவுற கை ஆம்பளைக் கையா, பொம்பளைக் கையான்னு பாலுக்குத் தெரியுமா? தொரைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று அவர் கேட்பார்.

அக்கேள்விக்குப் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களின் இந்தியத் தொழிலாளர்க்கென நிலையான கூலி வகுக்கப்பட்டது. 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதாயிருந்த வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது அந்தக் காசும் குறைந்தது. சீனத் தொழிலாளர்க்கோ இதைவிடக் கூடுதலான கூலி கிடைத்தது. ஆகவே, தமிழ்ப் பெண்ணின் கூலி இருமுறை வெட்டப்பட்டது. இந்தியர் என்பதற்காக ஒருமுறை. பெண் என்பதற்காக மற்றொரு முறை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனரோடு ஒத்த கூலி வேண்டும். வெள்ளைக்காரரைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பன கோரிக்கைகளுள் சில. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களின் தியாகத்தை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். எனினும் ஒன்று என் நெஞ்சை உறுத்துகிறது. இனத்தின் பெயரால் வந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து அன்று குரல் ஓங்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த கூலி என்ற குரலோ அவ்வளவு ஓங்கவில்லை. அந்தப் பத்துக் காசு வேறுபாட்டை நம் வீட்டார்க்கும் இயல்பானதாகவே பழக்கியிருந்தது காலம்.

நாட்டின் சட்டமும் அதே வழியில்தான் நடந்தது. 1957இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்றது. அரசமைப்பே வெளிப்படையாக இடமளிக்கும் நேர்வுகள் நீங்கலாக, சமயம், இனம், வமிசம், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி வேற்றுமை பாராட்டலாகாது என்றது. அந்த வரிசையில் பாலினம் இல்லை. அது சேர்வதற்கு 2001 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைக்காலம் எத்தகையது என்பதை என் தமக்கை அறிவார். 1980களில் தம் மகளின் பத்திரமொன்றில் கையெழுத்திட ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். "தகப்பனார் வரட்டும்" என்று திருப்பி அனுப்பினர். பெற்று வளர்த்த கை அங்கே செல்லாக் கையாயிற்று. சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் ஒத்த உரிமை தந்தது 1999இல் வந்த திருத்தத்தால்தான்.

எழுதப்பட்ட ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடுமா? கருவுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் நீதிமன்றத்தை நாடினார். எட்டாம் பிரிவு அரசின் செயலையே கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அன்று என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. பின்னர், தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற நூர்ஃபாடில்லா கருவுற்றிருந்ததால் அவ்வேலையை இழந்தார். கருவுற்றதற்காக மறுப்பது பெண் என்பதற்காக மறுப்பதே என்று 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் தோற்ற வழியிலேயே மற்றொருவர் நடந்து வென்றார். இருவரும் வெவ்வேறு இனத்தவர். பட்ட துன்பமோ ஒன்று.

வெளிநாட்டில் பிறக்கும் தம் பிள்ளைக்குத் தந்தையைப் போலவே குடியுரிமை வழங்கும் உரிமைக்காகவும் மலேசியத் தாய்மார் பல்லாண்டு போராடினர். அதற்கான அரசமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல்தான் நிறைவேற்றியது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது எனக்கு ஓர் உண்மை புலனாகிறது. இனச் சமத்துவமும் பாலினச் சமத்துவமும் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி வரவேண்டியவை அல்ல. "முதலில் நம் இனம் உயரட்டும், பெண்களின் குறையைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் சமுதாயம், தன் உரிமையில் பாதியைத் தானே தள்ளிவைக்கிறது. பிறர் நமக்குச் சமநிலை தரவில்லை என்று முறையிடும் நாம், நம் சங்கத்தின் தலைமை நாற்காலியிலும், குடும்பச் சொத்தின் பங்கீட்டிலும், மகளின் மேற்படிப்பிலும் அதே நீதியை வழங்குகிறோமா? இக்கேள்விக்கு விடையளிக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. நம் இல்லத்துக் கூடமே போதும்.